விட்லி ஸ்டோக்ஸும் கெல்டிக் ஆய்விதழ்களும்

சொத்து வழக்குகளில் வழிநடை பாத்தியம் பற்றி வாதாட வேண்டியவர்கள் எவரும் 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தைத் தொடாமல் இருக்க முடியாது. பக்கத்து நிலத்தின் ஊடாக வண்டி ஓட்டிச் செல்லும் உரிமை, வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகும் உரிமை, சன்னலுக்கு வரும் வெளிச்சத்தை மறைத்துச் சுவர் எழுப்பக் கூடாது என்று கேட்கும் உரிமை ஆகியவற்றை வகுத்துச் சொல்லும் அந்தச் சட்டம், முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய பகுதிகளுக்கு மட்டுமே பொருந்துவதாக இயற்றப்பட்டது. அதை வரைந்தவர் விட்லி ஸ்டோக்ஸ். சட்டம் படித்த காலத்தில் அந்தப் பெயர் எனக்கு ஒரு பழைய நூலின் அட்டைப் பெயராக மட்டுமே இருந்தது. அதே மனிதர்தான் இடைக்கால ஐரிஷ் மொழி ஏடுகளைப் பதிப்பித்தவர்களில் முதல் வரிசையில் வைத்து மதிக்கப்படுபவர் என்பதையும், அவருடைய ஆயுட்கால உழைப்பின் பெரும்பகுதி பாரிசிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழின் பக்கங்களில் கிடக்கிறது என்பதையும் பின்னால்தான் அறிந்தேன். அன்று முதல் அந்த இதழையும் அதன் வழி வந்த பிற இதழ்களையும் ஒரு வாசகனாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஐரிஷ், வெல்ஷ், பிரெத்தோன் முதலிய மொழிகளையும் அவற்றின் இலக்கியத்தையும் ஆராயும் கெல்டிக் ஆய்வு எனக்குத் தொழில் அல்ல. ஆயினும், ஒரு துறை தன் நூல்களைவிடத் தன் இதழ்களாலேயே எப்படி உருவாகி நிற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்டோக்ஸ் 1830இல் டப்ளினில் பிறந்தவர். அவருடைய தந்தை வில்லியம் ஸ்டோக்ஸ் புகழ்பெற்ற மருத்துவர். இன்றும் மருத்துவப் பாடநூல்களில் செய்ன்–ஸ்டோக்ஸ் சுவாசம் என்று ஒரு குறி அவர் பெயரால் வழங்குகிறது. அந்த வீட்டுக்கு வந்துபோன நண்பர்களில் அயர்லாந்தின் பழம்பொருள் ஆய்வாளர் ஜார்ஜ் பெட்ரியும், ஏடுகளைப் படிக்கத் தெரிந்த ஜான் ஓ’டோனவன், யூஜின் ஓ’கரி ஆகிய இருவரும் இருந்தனர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ருடோல்ஃப் சீக்ஃபிரீட் என்ற ஜெர்மானியரிடம் சமஸ்கிருதமும் ஒப்பியல் மொழிநூலும் கற்றார். பிறகு லண்டனில் வழக்கறிஞரானார். 1862இல் கப்பலேறி மதராஸ் வந்து சேர்ந்து, உயர் நீதிமன்றத்தில் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பை ஏற்றார். அதன் பின் கல்கத்தாவுக்கும் சிம்லாவுக்கும் போய், 1877 முதல் 1882 வரை வைஸ்ராய் குழுவின் சட்ட உறுப்பினராக உயர்ந்தார். சொத்துரிமை மாற்றச் சட்டம், பொறுப்புரிமைச் சட்டம், அன்றைய உரிமையியல், குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் எனப் பலவற்றில் அவருடைய கை இருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு நீண்ட இந்த இந்திய வாழ்க்கையின் நடுவில் அவர் ஐரிஷ் ஏடுகளைப் பதிப்பித்துக்கொண்டே இருந்தார். ஓ’டோனவன் மொழிபெயர்த்து வைத்திருந்த கோர்மாக்கின் அருஞ்சொற்பொருள் தொகுதியை 1868இல் கல்கத்தாவில் அச்சிட்டார். மூன்று இடைக்கால ஐரிஷ் அறவுரைகள் 1877இல் அதே நகரில் வெளிவந்தன. டிராய் நகரத்தின் அழிவை ஐரிஷ் மொழியில் சொல்லும் கதையை 1881இல் அங்கேயே பதிப்பித்தார். ஏடுகள் டப்ளினில் இருக்க, பின்னைய இரண்டு பதிப்புகளும் கல்கத்தாவில் நடந்தது எப்படி என்ற கேள்விக்கு விடை, ராயல் ஐரிஷ் அகாதெமி 1870 முதல் வெளியிட்டுவந்த கல்லச்சுப் படிகளில் இருக்கிறது. அவை புகைப்படங்கள் அல்ல. ஜோசஃப் ஓ’லாங்கன் என்ற எழுத்தர் மூல ஏட்டைப் பார்த்துக் கையால் எழுதிய படியைக் கல்லில் ஏற்றி அச்சடித்தவை. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் எழுத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தர் பார்த்தெழுதி, அதை வங்காளத்தின் புழுக்கத்தில் அலுவல் முடிந்த நேரத்தில் ஒரு சட்ட அதிகாரி வாசித்துப் பொருள் கண்டார் என்றால், இடையில் எத்தனை பிழைகள் புகுந்திருக்கக்கூடும் என்பதை ஸ்டோக்ஸே நன்றாக அறிந்திருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது, பிழைகளை உடனுக்குடன் சொல்லித் திருத்த ஒரு பொது இடம்.

அந்த இடம் உருவானதன் பின்னணியைச் சற்று விளக்க வேண்டும். பழைய ஐரிஷ் மொழி என்று இன்று அழைக்கப்படும் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு மொழி, அன்று அயர்லாந்திலேயே முறையாக யாராலும் படிக்கப்படாமல் இருந்தது. அயர்லாந்தில் எஞ்சியிருந்த பெரிய கதை ஏடுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 1100க்குப் பிறகு படியெடுக்கப்பட்டவை. அவற்றில் பழைய வடிவங்களும் புதிய வடிவங்களும் கலந்து கிடந்தன. ஆனால் அதற்கு முன்பே ஐரோப்பாவுக்குப் போன ஐரிஷ் துறவிகள் தம் லத்தீன் நூல்களின் வரிகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் தம் தாய்மொழியில் குறிப்புகள் எழுதிவைத்தனர். வூர்ட்ஸ்பர்கில் பவுலின் நிருபங்களுக்கும், மிலானில் சங்கீத உரைக்கும், சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலில் பிரிஸ்கியனின் லத்தீன் இலக்கணத்துக்கும் எழுதப்பட்ட அத்தகைய குறிப்புகள் அங்கேயே மடங்களிலும் நூலகங்களிலும் பாதுகாப்பாக இருந்தன. செயின்ட் கால் ஏட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரிஷ் குறிப்புகள் உள்ளன. லத்தீன் சொல்லின் பொருள் தெரியும் என்பதால் அதன் மேல் எழுதப்பட்ட ஐரிஷ் சொல்லின் பொருளும் தெரிந்துவிடும். பவேரியாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் யோஹான் காஸ்பர் ட்சொய்ஸ், அயர்லாந்தில் காலடி வைக்காமலே, இந்தக் குறிப்புகளைக் கொண்டு கெல்டிக் மொழிகளின் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1853இல் லைப்சிக்கில் வெளியிட்டார். கெல்டிக் மொழிநூல் அந்த ஆண்டில் தொடங்கியது என்று சொல்வதில் மிகை இல்லை. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்தது என்பதை இங்கே போகிற போக்கில் குறிப்பிட்டுவிடுகிறேன்.

அந்தச் செயின்ட் கால் ஏட்டின் ஓரத்தில் இலக்கணத்துக்குத் தொடர்பே இல்லாத நான்கு வரிகள் இருக்கின்றன. இன்றிரவு காற்று கடுமையாக வீசுகிறது, கடலின் வெண்கூந்தலைக் கலைக்கிறது, ஆகவே நார்வேயிலிருந்து வரும் கொடிய வீரர்களுக்கு இன்று நான் அஞ்ச வேண்டியதில்லை என்று ஒரு துறவி எழுதிவைத்திருக்கிறார். கொந்தளிக்கும் கடலில் கப்பல்கள் வர முடியாது என்பதால் அவருக்கு அந்தப் புயலே காவல். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில், வைக்கிங் தாக்குதல்களுக்கு இடையே வாழ்ந்த மனிதர் ஒருவரின் ஓர் இரவு அப்படியே நம் முன் நிற்கிறது. ட்சொய்ஸுக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் இந்த மொழியின்மேல் பிறந்த பற்று வெறும் இலக்கணப் பற்று அல்ல என்பதை உணர இந்த நான்கு வரிகளே போதும்.

இலக்கணம் வந்துவிட்டது. பதிப்பிக்கப்படாத ஏடுகள் மலைபோல் கிடந்தன. 1870இல் பாரிசில் ஆன்ரி கெய்தோஸ் ‘ரெவ்யூ செல்திக்’ என்ற இதழைத் தொடங்கினார். கெல்டிக் மொழிகளுக்கும் இலக்கியத்துக்கும் மட்டுமே உரிய ஆய்விதழாக நிலைத்து நின்ற முதல் முயற்சி அதுதான். தொடங்கிய சில வாரங்களில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது, பாரிஸ் முற்றுகைக்குள்ளானது. அதனால்தான் முதல் தொகுதியின் முகப்பில் 1870–1872 என்று நீண்ட காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. கெய்தோஸுக்குப் பிறகு, கொலேஜ் த பிரான்சில் 1882இல் நிறுவப்பட்ட கெல்டிக் இருக்கையின் முதல் பேராசிரியரான தார்புவா த ஜுபான்வில் 1880களின் நடுவிலிருந்து 1910இல் தாம் இறக்கும்வரை அதை நடத்தினார். அவருக்குப் பின், பிரான்சின் வடமேற்கு மூலையிலுள்ள பிரெத்தோன் நாட்டவரான ஜோசஃப் லோத் ஏற்றுக்கொண்டார். 1934இல் லோத் மறைந்ததும் இதழும் நின்றது. இரண்டே ஆண்டுகளில் ஜோசஃப் வாந்திரியெஸ் ‘எத்யூத் செல்திக்’ என்ற பெயரில் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

‘ரெவ்யூ செல்திக்’கின் பக்கங்களில் நான் முதலில் போய் நிற்பது ஸ்டோக்ஸின் பதிப்புகளில்தான். 1888, 89இல் மேல் தூயின் கடற்பயணக் கதை. 1894, 95இல் பிரான்சின் ரென் நகர ஏட்டிலிருந்து, அயர்லாந்தின் ஊர்களும் குன்றுகளும் தம் பெயரைப் பெற்ற கதைகளின் தொகுதி. 1895 முதல் 1897 வரை திகர்நாக்கின் ஆண்டுக் குறிப்புகள். 1901இல் தா தெர்காவின் விடுதி அழிந்த கதை. ஓர் இதழில் ஒரு மனிதர் தொடர்ந்து செய்த பணியின் அளவைக் காட்ட இந்தச் சில தலைப்புகளே போதுமானவை. இவற்றில் எதைத் திறந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. எந்த நூலகத்தில் எந்த ஏடு, எந்த இதழ்த்தாளில் தொடங்குகிறது என்று சொல்லும் சிறிய முன்னுரை. பிறகு ஐரிஷ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும். கடைசியில் அரிதான சொற்களின் அகராதி, ஆட்பெயர்ப் பட்டியல், இடப்பெயர்ப் பட்டியல்.

மூலத்தின் அச்சை உற்றுப் பார்த்தால் சாய்ந்த எழுத்துகள் நிறைய வருவதைக் காணலாம். ஏடு எழுதியவர்கள் கன்றுத்தோலின் விலை கருதி எழுத்துகளைச் சுருக்கினர். ஒரு சொல்லின் முதல் எழுத்தை எழுதி மேலே ஒரு கோடு இழுத்துவிட்டு மிச்சத்தை வாசகருக்கு விட்டார்கள். ‘உம்’மைப் பொருள் தரும் சொல்லை முழுதாக எழுதாமல், ரோமானியச் சுருக்கெழுத்திலிருந்து வந்த, பார்வைக்கு 7 என்ற எண்ணைப் போலவே இருக்கும் குறியைப் போட்டார்கள். ஓர் எழுத்தின் ஒலி மெலிந்ததைக் காட்ட அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். பதிப்பாசிரியர் இந்தச் சுருக்கங்களை விரிக்கும்போது, ஏட்டில் இருக்கும் எழுத்து எது, தாமே ஊகித்துச் சேர்த்த எழுத்து எது என்பதைச் சாய்வெழுத்தால் வேறுபடுத்திக் காட்டுகிறார். எனக்கு இந்தச் சாய்வெழுத்துகளின்மேல் பெரும் மதிப்பு உண்டு. என் ஊகம் இது, நீ ஒப்பவில்லையென்றால் ஏட்டைப் பார் என்று ஒவ்வொரு சொல்லிலும் அவர் வாசகருக்கு இடம் விட்டு எழுதுகிறார். நீதிமன்றத்தில் சான்றாவணத்தைப் படிக்கும்போது நாங்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கமும் இதுவே.

மாய் துரத்தின் இரண்டாம் போர் என்னும் கதையின் வரலாற்றைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஐரிஷ் தொன்மங்களில் கடவுளர் கூட்டமான துவாத டேவினருக்கும் ஃபோமோரியருக்கும் நடந்த போரைச் சொல்லும் இக்கதை, பிரிட்டிஷ் நூலகத்தின் ஹார்லி தொகுப்பிலுள்ள பதினாறாம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் கிடைத்தது. ஸ்டோக்ஸ் அதை 1891இல் ‘ரெவ்யூ செல்திக்’கின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். லூக், தக்தா, நுவாது, பலோர் முதலியோரைப் பற்றி இன்று உலகம் சொல்லும் கதைகளில் பலவற்றுக்கு அந்தப் பதிப்பே வாயில். ஆனால் அது முழுமையான பதிப்பு அல்ல. கதையின் நடுவே வரும் பழைய, புதிரான செய்யுள் போன்ற உரைப்பகுதிகள் சிலவற்றைப் பொருள் விளங்கவில்லை என்று விட்டுவிட்டார். தக்தா ஒரு பெண்ணைச் சந்திக்கும் இடத்தில் வரும் காமமும் கேலியும் கலந்த பகுதியையும் விக்டோரியா காலத்து நாகரிகம் கருதிக் கத்தரித்தார். விளங்காததை விட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. நாகரிகம் கருதி விட்டதை ஏற்க முடியவில்லை. ஏட்டில் இருப்பதைத் தருவேன் என்று சொல்லும் பதிப்பில் பதிப்பாசிரியரின் கூச்சத்துக்கு இடமில்லை.

விடுபட்ட பகுதிகளை 1918இல் ருடோல்ஃப் டூர்னைசன் ஜெர்மானிய இதழ் ஒன்றின் சில பக்கங்களில் அச்சிட்டுக் கொடுத்தார். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு அது. ஐரோப்பாவே பற்றியெரிந்துகொண்டிருந்தபோது, எதிரி நாட்டுத் தலைநகரில் கால் நூற்றாண்டுக்கு முன் வெளிவந்த ஒரு கட்டுரையின் இடைவெளியை நிரப்பும் வேலையை ஒருவர் செய்தார். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்த முழுப் பதிப்பை எலிசபெத் கிரே 1982இல் ஐரிஷ் உரை நூற்கழகத்தின் வரிசையில் கொண்டுவந்தார். ஒரு கதை முழுமையாக வாசிக்கக் கிடைக்கத் தொண்ணூறு ஆண்டுகளும் மூன்று நாட்டு அறிஞர்களும் தேவைப்பட்டனர். இதழ்கள் இல்லாதிருந்தால், முதல் பதிப்பின் குறையை இரண்டாமவர் சொல்ல இடமும் இல்லை, மூன்றாமவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

டூர்னைசன் எழுதிய அந்த ஜெர்மானிய இதழ் ‘ட்சைட்ஷ்ரிஃப்ட் ஃபூர் கெல்டிஷே ஃபிலோலோகீ’. ஹாம்பர்க்கில் பிறந்து லிவர்பூலில் கற்பித்த கூனோ மையரும், லுட்விக் கிறிஸ்டியான் ஷ்டெர்னும் 1896இல் தொடங்கியது. மையருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏடுகளில் கண்ட சிறு பாடல்களையும் குறிப்புகளையும் பெரிய உரை எதுவும் எழுதாமல் அப்படியே தொடர்ச்சியாக அச்சில் ஏற்றிவிடுவார். மொழிபெயர்ப்பு பிறகு யாராவது செய்துகொள்ளட்டும், முதலில் ஏடு வெளியில் வரட்டும் என்பதே அவர் நோக்கம். அதே மையர் 1903இல் டப்ளினில் ஐரிஷ் கல்விப் பள்ளியை நிறுவி, 1904இல் ஜான் ஸ்ட்ராக்கனுடன் சேர்ந்து ‘ஏரியு’ இதழையும் தொடங்கினார். அயர்லாந்தின் பழைய மொழியை அயர்லாந்து மாணவர்களுக்கே கற்றுக்கொடுக்க ஒரு ஜெர்மானியரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் வந்தார்கள் என்பது வரலாற்றின் விந்தை.

இந்த இதழ்களுக்கு அரசியல் எடை எவ்வளவு இருந்தது என்பதை 1899இல் நடந்த ஒரு சம்பவம் காட்டுகிறது. அயர்லாந்துப் பள்ளிகளில் ஐரிஷ் மொழிக்கு இடம் தரலாமா என்று விசாரித்த அரசுக் குழுவின் முன் டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர்கள் மகாஃபியும் அட்கின்சனும் சாட்சியமளித்தனர். ஐரிஷ் இலக்கியத்தில் படிக்கத் தகுந்தது மிகக் குறைவு, இருப்பதும் ஆபாசமோ மூடநம்பிக்கையோதான் என்ற போக்கில் அவர்கள் பேசினர். ஐரிஷ் மொழி இயக்கத்தை நடத்திய டக்ளஸ் ஹைட் அதற்கு எதிராக ஐரோப்பா முழுவதும் கடிதம் எழுதினார். விண்டிஷ், ட்சிம்மர், மையர், ஷ்டெர்ன், பேடர்சன் ஆகிய கெல்டிக் அறிஞர்கள் ஐரிஷ் இலக்கியத்தின் தகுதியை எடுத்துரைத்துப் பதில் அனுப்பினர். அவர்களுடைய சொல்லுக்கு எடை தந்தது அவர்கள் அதுவரை இதழ்களில் அச்சேற்றியிருந்த ஏடுகள். மட்டம் என்று சொன்னதற்கு, படித்துப் பதிப்பித்தவர்கள் பதில் சொன்னார்கள்.

அரசியல் எதிர்த்திசையிலும் வீசியது. மையருக்குப் பின் பெர்லின் பேராசிரியராகவும் 1921 முதல் அந்த ஜெர்மானிய இதழின் ஆசிரியராகவும் இருந்த யூலியுஸ் பொகோர்னி பிராகில் பிறந்த கத்தோலிக்கர். ஆனால் முன்னோரில் யூதர்கள் இருந்தார்கள் என்ற காரணத்தால் நாஜிச் சட்டங்களின்படி 1935இல் பதவி பறிக்கப்பட்டார். அந்த இருக்கைக்கு நாஜிக் கட்சி உறுப்பினரான லுட்விக் மூல்ஹவுசன் வந்தார். இதழும் பிறகு அவர் கைக்குப் போனது. பொகோர்னி 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். 1954இல் இதழுக்கு மறுபடி உயிர்கொடுத்தவரும் அவரே. தொகுதி எண்களைப் பார்த்துக்கொண்டே போகும் வாசகர் அந்த இடத்தில் ஏற்படும் பத்தாண்டு இடைவெளியைக் கவனிக்காமல் கடந்துவிடலாம். நான் ஒவ்வொரு முறையும் அங்கே நிற்கிறேன்.

‘ஏரியு’வின் 17ஆம் தொகுதியில், 1955இல், டி. ஏ. பிஞ்சி பதிப்பித்த ஒரு சட்டச் சுவடி வெளிவந்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தச் சுவடி, ஒருவர் தம் தண்ணீர் ஆலைக்குப் பக்கத்து நிலங்களின் ஊடாக நீரைக் கொண்டுபோக விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதை வகுக்கிறது. நிலத்துக்காரர் மறுத்துவிட முடியாது. ஆனால் அவருக்கு இழப்பீடு தர வேண்டும். அல்லது, தண்ணீர் எந்தெந்த நிலங்களின் வழியாக வருகிறதோ அந்தந்த நிலத்துக்காரர்களுக்கு ஆலையில் மாவரைத்துக்கொள்ள முறைநாள் தர வேண்டும். நமது கிராமங்களில் ஏரித் தண்ணீருக்கு முறை வைத்து வழக்காடும் எவருக்கும் இந்த ஏற்பாடு உடனே புரியும். இதைப் பதிப்பிப்பது எளிதான வேலை அல்ல. சட்ட மூலம் ஏழாம் நூற்றாண்டு மொழியில் இருக்க, அதைச் சுற்றிப் பிற்கால மாணவர்கள் எழுதிய உரை பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுகளுக்குப் பிந்திய மொழியிலும் பிந்திய வழக்கிலும் இருக்கிறது. பல இடங்களில் உரைகாரருக்கே மூலம் விளங்கவில்லை. 1865 முதல் 1901 வரை ஆறு தொகுதிகளாக அரசு வெளியிட்ட அயர்லாந்தின் பழஞ்சட்டப் பதிப்பு இந்த இரண்டையும் சரியாகப் பிரித்தறியாமல் மொழிபெயர்த்ததால் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தது. அதன் கடைசித் தொகுதியாக அட்கின்சன் தொகுத்த சொல்லகராதியை 1903இல் ஸ்டோக்ஸ் ஒரு தனி நூலே எழுதிக் கடுமையாகக் கண்டித்தார். இந்தியச் சட்டங்களை வரைந்தவருக்குச் சட்ட மூலத்தைத் தவறாகப் படிப்பதன் விளைவு தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஸ்டோக்ஸ் 1909இல் இறந்தார். தண்ணீர்ப் பாத்தியம் பற்றி அவர் வரைந்த சட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் முந்திய, அவர் சொந்த நாட்டின் அதே பொருள் பற்றிய சட்டம், திருத்தமான வடிவில் அவர் காலத்தில் கிடைக்கவில்லை.

அண்மைக் காலத்துக்கு வந்தால் நான் விரும்பிப் படிப்பது 1981இல் பேட்ரிக் சிம்ஸ்-வில்லியம்ஸ் தொடங்கிய ‘கேம்பிரிட்ஜ் மீடிவல் கெல்டிக் ஸ்டடீஸ்’ இதழ். 1993இல் 26ஆம் எண்ணிலிருந்து வேல்ஸின் ஆபரிஸ்ட்வித் நகருக்கு மாறி, ‘கேம்பிரியன் மீடிவல் கெல்டிக் ஸ்டடீஸ்’ எனப் பெயரின் முதல் பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டது. கோடையில் ஒன்றும் குளிர்காலத்தில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு இதழ்கள் வருகின்றன. அதன் 1986ஆம் ஆண்டு இதழில் சிம்ஸ்-வில்லியம்ஸ் எழுதிய ஒரு கட்டுரை என் பார்வையை மாற்றியது. கெல்ட்டியர் கனவு காண்பவர்கள், உணர்ச்சிமயமானவர்கள், இயற்கையோடும் மறுவுலகத்தோடும் இயல்பாகவே ஒன்றியவர்கள் என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பதை அது தேடிப் போகிறது. 1854இல் பிரெஞ்சு அறிஞர் ரெனான் எழுதிய கட்டுரையும், 1865, 66இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலக் கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் ஆற்றிய சொற்பொழிவுகளும் அந்தப் படிமத்தை எப்படிக் கட்டின என்பதை விளக்குகிறது. ரெனான் பிரெத்தோன் நாட்டில் பிறந்தவர். ஆர்னால்டுக்கோ எந்தக் கெல்டிக் மொழியும் தெரியாது. அவருடைய சொற்பொழிவுகளின் பயனாக ஆக்ஸ்ஃபோர்டில் 1877இல் கெல்டிக் இருக்கை அமைந்தது என்ற நன்மையை மறுக்க முடியாது. ஆனால் இசை ஆல்பங்களின் அட்டையிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் இன்றும் மிதக்கும் பனிமூட்டத்துக்கும் அதே சொற்பொழிவுகளுக்குப் பங்கு உண்டு. ஏடுகளில் உள்ள அயர்லாந்து வேறு: மாட்டு விலை, ஈட்டுத் தொகை, ஈஸ்டர் நாளைக் கணிக்கும் முறை, அரசர்களின் வம்சாவளி, லத்தீன் இலக்கணம், நோயாளியை யார் பராமரிப்பது என்ற சட்டம். ஒரு மக்களைப் பற்றிய அழகான பொய் அவர்களைப் பற்றிய இழிவான பொய்யைப் போலவே அவர்களை மறைத்துவிடும் என்பதை எனக்கு உணர்த்திய கட்டுரை அது. தான் சார்ந்த துறைக்கு வாசகர்களை இழுத்துவரும் கவர்ச்சியையே ஓர் இதழின் ஆசிரியர் தம் சொந்த இதழில் ஆராய்ந்து கலைத்தார் என்பதில் எனக்குப் பெரும் மதிப்பு.

அயர்லாந்துக் கதைகள் கிறித்தவத்துக்கு முந்திய வாய்மொழி மரபின் எச்சமா, மடங்களில் லத்தீன் கற்ற எழுத்தாளர்களின் படைப்பா என்ற நீண்ட விவாதமும் இந்த இதழ்களில்தான் பெரும்பாலும் நடந்தது. அதற்குள் நான் இங்கே புகவில்லை. இரண்டாவது கட்சியின் வாதங்களே எனக்கு வலுவாகப் படுகின்றன என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இத்தகைய இதழ்களில் கட்டுரைகளுக்கு இடையில் அரைப் பக்கம், ஒரு பக்கம் எனச் சிறு குறிப்புகள் வருவதுண்டு. ஒரு சொல்லின் பொருள், ஓர் ஊரின் அடையாளம், முந்தைய பதிப்பொன்றின் தவறான வாசிப்பு என ஏதாவது ஒன்றைத் திருத்துவதே அவற்றின் வேலை. அவற்றை யார் படிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. ராயல் ஐரிஷ் அகாதெமி 1913இல் முதல் பகுதியை வெளியிட்டு 1976இல் நிறைவு செய்த ஐரிஷ் மொழி அகராதி, இப்போது இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கும் வடிவில் இருக்கிறது. அதன் பராமரிப்பாளர்கள் ஆய்விதழ்களில் சிதறிக் கிடக்கும் இந்தத் திருத்தங்களைத் திரட்டி, உரிய சொல்லின் கீழ் சேர்த்து, 2013இலும் 2019இலும் திருத்திய வடிவங்களை வெளியிட்டிருக்கிறார்கள். எப்போதோ ஒருவர் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு இன்று ஒரு மாணவர் கேட்கும் கேள்விக்கு விடையாகிறது.

இந்தத் துறையில் படிக்க வருபவர்கள் என்றும் சிலரே. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2024இல், செலவைக் குறைப்பதற்காக நிறுத்தப்போகும் இளங்கலைப் படிப்புகளில் கெல்டிக்கையும் சேர்த்து அறிவித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம், அங்கே யாரையும் தெரியாத ஒருவனின் வருத்தம்தான் என்றாலும் உண்மையானது. பழைய ஐரிஷ் வினைச்சொல்லின் வடிவங்களைக் கற்றுத்தேற ஆண்டுகள் ஆகும். கற்றவர் கற்பிக்க ஒரு வகுப்பறை இல்லாமல் போனால் அடுத்த பதிப்பாசிரியர் உருவாக மாட்டார். இதழ்களுக்கு எழுதுபவர்களும், அவற்றுக்கு வரும் கட்டுரைகளைச் சரிபார்த்துச் சொல்பவர்களும் இந்தச் சிறிய வகுப்பறைகளிலிருந்தே வருகிறார்கள்.

படித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு: ‘ரெவ்யூ செல்திக்’கின் பழைய தொகுதிகள் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்திலும் இணைய ஆவணக் காப்பகத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் செல்ட் தொகுப்பில் ஸ்டோக்ஸ் பதிப்பித்த பல கதைகளின் மூலமும் மொழிபெயர்ப்பும் தட்டச்சு செய்து வைக்கப்பட்டுள்ளன. 9, 10ஆம் தொகுதிகளில் உள்ள மேல் தூயின் கடற்பயணத்திலிருந்து தொடங்குவது நல்லது. தந்தையைக் கொன்றவர்களைத் தேடிக் கப்பலேறும் ஓர் இளைஞன் தீவு தீவாக அலையும் கதை அது. மொழிபெயர்ப்பை மட்டும் படித்தாலும் இனிக்கும். ஆனால் முதல் முறையிலேயே பக்கத்தின் அடியில் இருக்கும் குறிப்புகளையும் கடைசியில் இருக்கும் சொற்பட்டியலையும் தாண்டிப் போய்விடாமல் படியுங்கள். ஸ்டோக்ஸ் தமக்குத் தெரியாத இடங்களில் வைத்த கேள்விக்குறிகள் அங்கேதான் இருக்கின்றன.